ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

“ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தை சொல்றதுக்கு மூணு வருஷமா?” என்று மருந்துக்கடைக்காரி கத்திய அன்று, லிப்ட்காரரின் இரண்டு அறை வீட்டுக்குள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு அறைகள் இருந்தன. “இன்னும் இருநூறு பாக்கி. பார்க்காம எப்படிம்மா இல்லன்னு சொல்றது?” என்று எங்கோ உள்ளிருந்து பதில் வந்தது. “பொண்ணு கட்ட எவனாவது டார்ச்லைட்டோட அலைவானா!” என்றாள் அவள். எதிர்வீட்டு ஜன்னல்கள் மரியாதைக்குப் பாதி மட்டும் திறந்தன.

லிப்ட் கம்பெனியில் விதிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஓடும்போது கதவு எப்போதும் திறக்கக் கூடாது, பொத்தானை அழுத்தியவரிடம் என்றாவது வந்தே தீர வேண்டும். இப்படி எல்லா விதிகளும் சேர்ந்து நிறைவேற வழி உண்டா என்று பார்ப்பார். மருந்துக்கடைக்காரியோடு பேசிய கல்யாணத்துக்கு இரு வீட்டாரும் நிபந்தனை போட்டபோதும் அதே பழக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தங்கைக்கு ஆகும்வரை இவருக்கு ஆகக் கூடாது. அம்மாவை எப்போதும் தனியே விடக் கூடாது. அவள் கடை வேலையை விடமாட்டாள். என்றாவது கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். ஒன்பது நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் அறைகள் இரட்டித்தன. பாதி அறைகளில் அந்த நிபந்தனை இன்றே நிறைவேறியது, மீதிப் பாதியில் நாளைக்குத் தள்ளிப்போனது. ஒவ்வோர் அறையிலும் அவர்கள் வாழ்க்கை ஒருவிதமாக ஓடியது. நகராட்சி அளவையாளர் வந்து, நாடாவைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு அறை என்றே எழுதிப் போனார்.

ஆமாம் என்று சொல்ல ஓர் அறை சரியாக அமைந்தால் போதும்; இல்லை என்று சொல்லத்தான் அத்தனையும் பார்க்க வேண்டும். கணக்கு வைக்க ஒரு சின்ன நோட்டு போதுமானதாக இருந்தது. ஆயுள்தான் போதவில்லை. சண்டை நடந்த மறுநாள் அம்மா, “இந்த வீட்டை மட்டும் எப்பவும் மாத்தக் கூடாதுடா” என்று பத்தாவதைச் சொன்னார். அறைகள் ஆயிரத்து இருபத்து நான்காயின. மனிதர் முகம் சுளிக்காமல் முதல் கதவிலிருந்து தொடங்கினார்.

இனிக் காத்திருக்க முடியாதென்று சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்த மருந்துக்கடைக்காரி, அவரைத் தேடி ஏதோ ஒரு கதவைத் திறந்தாள். பத்தும் பொருந்திய அறை அதுதான். தொண்ணூறு தாண்டிய அம்மா ஜன்னலோரம் தூங்கினார். தங்கை பேரக்குழந்தையோடு வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்து மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த லிப்ட்காரருக்குப் பக்கத்தில், கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, நரைத்த தலையோடு அவளே நின்றாள். கல்யாணம் அன்று காலைதான் முடிந்திருந்தது. என்றாவது என்று எழுதிய அன்று, எப்போது என்று அவளும் கேட்டிருக்கவில்லை.

கதவைச் சாத்தினாள்.

“ஏதாவது கண்ணுல பட்டுதா?” என்று தூரத்திலிருந்து அவர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க.”

அந்த மாதமே அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அந்தக் கடைக்காரர் நிபந்தனை எதுவும் போடவில்லை. குறட்டை மட்டும் விடுவார் என்று கேள்வி. நாலு வருடம் கழித்து லிப்ட்காரர் அந்த அறையை எட்டியபோது அங்கே யாருமில்லை. ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். தங்கை ஒரு கப்பல் மெக்கானிக்கை மணந்து துறைமுக ஊருக்குக் குடிபோனாள். அம்மாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கிளம்பினார். வாசலில் நின்று மூன்று முறை மகனைக் கூப்பிட்டுப் பார்த்தார். குரல் எட்டாத அறையில் லிப்ட்காரர் இருந்தார்.