நாற்பது வாட்ஸ்

தையல்நாயகியைப் பெண் பார்க்க அதுவரை மூன்று கூட்டம் வந்துபோயிருந்தது. முதல் கூட்டம் பெண் உயரம் என்றது. இரண்டாவது கூட்டம் நிறம் மட்டு என்றது. மூன்றாவது கூட்டம் பஜ்ஜி பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. அப்பாவுக்கு உப்பளத்துக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய்க் கறுத்த முகம் அது. மற்ற இடத்து வெயில் மேலேயிருந்துதான் அடிக்கும். உப்புப் பாத்தி வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். இதையெல்லாம் பஜ்ஜி தின்ன வருகிறவர்களிடம் யார் போய் விளக்குவது?

நான்காவதாக வரவிருந்தவன் திண்டிவனத்தில் கூட்டுறவு பேங்க் கிளார்க். பெயர் தட்சணாமூர்த்தி. தரகர் செல்லப்பன் கொண்டுவந்த போட்டோவில், படிய வாரிய தலையும் எங்கே பார்ப்பது என்று தெரியாத முழியுமாக நின்றிருந்தான். தையலுக்குப் பிடித்துவிட்டது. இருபத்தாறு வயதில் அதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? இவனாவது சரியென்று சொல்லிவிடட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

அப்பா ராஜாங்கம் தன் பங்குக்குப் பாண்டிச்சேரி போய்க் கூடத்துக்கு ஒரு விளக்கு மூடி வாங்கி வந்தார். தாமரைப் பூவைக் கவிழ்த்த மாதிரி வெள்ளை பிளாஸ்டிக். உத்தரத்தோடு ஒட்டித் திருகிவிட்டால் உள்ளே பல்பு இருப்பதே தெரியாது. வீட்டுக்கு ஒரு அந்தஸ்து வேண்டாமா என்றார். வாங்கி வந்த சாமானின் அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தையலுக்கு மட்டும்தான் உண்டு.

"அப்பா, நாப்பது வாட்ஸுக்கு மேல போடக் கூடாதுன்னு போட்டிருக்குது. மூடி சூடு தாங்காதாம்."

"நாப்பதுதாம்மா மாட்டியிருக்கேன். கரண்டு வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?"

அம்மா ஞானாம்பாளுக்கு வேறு கவலை. "தலைய நிமிராத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. அதுவும் மெதுவா" என்று காலையிலிருந்து நூறு தடவை சொல்லிவிட்டாள்.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், பஸ் வழியில் நின்றுபோனதில் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்நேரத்துக்குத் தெருக்கோடி ரைஸ் மில் ஓடிக்கொண்டிருக்கும். மில் ஓடினால் தெருவுக்கே வோல்டேஜ் படுத்துவிடும். தாமரைக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு இருக்கிறேன், இல்லை என்று முனகிக்கொண்டிருந்தது.

பையனின் அம்மா கமலாம்பாள் உட்காருவதற்கு முன்பே அண்ணாந்து பார்த்தாள்.

"லைட்டே இவ்ளோதானா? பொண்ணு மூஞ்சி எப்படித் தெரியும்?"

"மில்லு ஓடுதுங்க. நின்னா சரியாயிடும்" என்றார் ராஜாங்கம்.

"அதுக்கில்லிங்க. சில வீட்டுல வேணும்னே மங்கலா போட்டு வெக்கிறாங்க. எங்க நாத்தனார் அப்படித்தான் ஏமாந்துட்டா."

ராஜாங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு மூட்டை உப்பில் ஒரு பிடி மண் கலந்தார் என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை. நேராகக் கொல்லைப்புறத்து உப்புக் கொட்டகைக்குப் போய் அங்கே எரிந்துகொண்டிருந்த நூறு வாட்ஸ் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். பல்பை மாற்றியவர், மூடியையாவது மாட்டாமல் விட்டிருக்கலாம். பாண்டிச்சேரி அந்தஸ்தை விட மனசு வரவில்லை. அதையும் பழையபடி திருகினார்.

"அப்பா" என்று சமையல்கட்டு வாசலிலிருந்து தையல் மெல்லக் கூப்பிட்டு, வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஞானாம்பாள் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. தையலை விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, கமலாம்பாள் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தாள். மோவாயைத் தூக்கிப் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், பின்னலை இழுத்துப் பார்த்தாள். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள். அது ஒன்றுதான் பாக்கி.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று தட்சணாமூர்த்தி கேட்டான்.

ங்க போட்டுக் கேட்டான். அதுவரை வந்த மூன்று பேரில் ஒருத்தனும் போட்டதில்லை. தையல் அவனை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மெதுவாகப் பதில் சொன்னாள்.

"மாநிறந்தான். பரவாயில்ல" என்றாள் கமலாம்பாள். செல்லப்பன் பல் தெரியச் சிரித்தார். தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் எத்தனை இருக்கிறது என்கிற வரைக்கும் பேச்சுப் போய்விட்டது.

அப்போதுதான் ரைஸ் மில் நின்றது.

கூடம் பளீரென்று ஆனது. "இப்பப் பாருங்க!" என்று ராஜாங்கம் பூரித்துப்போனார். பேச்சு மண்டபத்துக்குத் தாவியது, சாப்பாட்டுக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் சீப்பு கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. பஜ்ஜி வாடையில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. தையலுக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்தினாள். தாமரையின் ஓர் இதழ் பழுப்பேறித் துவண்டு, கமலாம்பாளின் உச்சந்தலைக்கு நேரே தொங்கியது.

ஞானாம்பாள் கண்ணாலேயே மிரட்டினாள், தலையைக் குனி என்று. தையல் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள், ஒரு கணம் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"எழுந்திரிங்க!" என்று கத்திக்கொண்டே கமலாம்பாளின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மாள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மூடி உருகித் தொப்பென்று விழுந்தது. ஜமுக்காளம் பொசுங்கியது. ஒரு துளி தெறித்துத் தையலின் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

கமலாம்பாள் ஜமுக்காளத்தைப் பார்க்கவில்லை. தன்னை இழுத்த கையைத்தான் பார்த்தாள்.

"இன்னா சத்தம்! இன்னா இழுப்பு! அம்மாடி!" என்று எழுந்து புடவையை உதறினாள்.

தட்சணாமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்தான். ஜமுக்காளத்தின் ஓட்டையை, அம்மாவின் தலையை, தையலின் மணிக்கட்டை. அவன் வாய் திறந்தது. "வாடா" என்றாள் கமலாம்பாள். மூடிக்கொண்டு போய்ச் செருப்பை மாட்டினான். மற்றவர்களையெல்லாம் தையல் மன்னித்துவிட்டாள். ங்க போட்டவனை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செல்லப்பன் வந்தார். "மூடி விழுந்த சகுனத்தைக்கூட பெருசா எடுத்துக்க மாட்டாங்களாம். பொண்ணு அடக்கமில்ல, தொண்ட தெருக்கோடி வரைக்கும் கேக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருப்போம்" என்று அழுதாள் ஞானாம்பாள்.

"அட்டையில போட்டிருந்தது உனக்குத் தெரியுமில்ல? கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் ராஜாங்கம்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். எதற்கென்று பதில் சொல்வது? தையலுக்கு ஆத்திரம் பொங்கியது. மணிக்கட்டில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் பொம்மையார்பாளையத்திலிருந்து ஐந்தாவது கூட்டம் வந்தது. தாமரை போய்விட்டதால் வெறும் ஹோல்டரில் நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்தது. மணிக்கட்டு ஆறியிருந்தாலும் தழும்பு பளபளவென்று தெரிந்தது. பையனின் அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னாம்மா?"

ஞானாம்பாள் முந்திக்கொண்டாள். "சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிடுச்சிங்க. வீட்டுச் சமையல் பூரா இவதான்."

"அப்படியாம்மா?"

நடந்தது அத்தனையும் நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஒரு மனுஷியின் தலை வேகாமல் காப்பாற்றிய கை இது என்று சொன்னால் என்ன? தையல் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்று ஆட்டினாள்.

"நல்ல அடக்கமான பொண்ணு. லைட்டும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது" என்றாள் அந்த அம்மாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த ராஜாங்கத்துக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கூடத்து நடுவில் நின்று பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"நாப்பதே போதும்னு நீ அன்னிக்கே சொன்ன இல்லம்மா!" என்றார்.

தையல் தலையை நிமிர்த்தவில்லை.