சுங்கான் புகையிலைக்கு ஒரு போத்தல்

பிலிமத்தலாவை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கலாராணியின் தேயிலைக் கடை. அவள் பொதி செய்த தேயிலையை வருடங்கள் கழித்துத் திறந்தாலும் மணக்கும் என்று கண்டி வரை பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் ஸமீம் நானா, சுங்கான் என்னும் புகைக்குழாயில் போட்டுப் பிடிக்கும் தன் புகையிலையை அவளிடம் கொண்டுவந்தார்.

அவர் வெள்ளிக்கிழமைக்கு ஒரு சுங்கான் மட்டும் புகைப்பவர். அந்த வரம்பு மனைவி கைரியா கட்டியது. அவர் பிடிக்கும் கலவையைச் செய்தவர்கள் தொழிலை நிறுத்திவிட, லண்டனிலிருந்த மருமகன் கிடைத்த மிச்சத்தையெல்லாம் வாங்கிப் பொலித்தீன் பைகளில் அனுப்பியிருந்தான்.

"இதுக்குப் பிறகு இல்ல தங்கச்சி. நான் இருக்கிற வரைக்கும் இது இருக்கணும்."

"இருக்குங்க நானா. இதுவும் இலைதானே."

தேயிலைக்குச் செய்வதையே செய்தாள். ஈயத்தாள் போட்ட தகரப் பேணிகள். ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பை. மூடியைச் சுற்றிப் பசைநாடா.

சில வாரங்களில் ஸமீம் நானா வந்து ஒரு பேணியைத் திறந்தார். விரலில் எடுத்ததும் புகையிலை பொடிந்தது. மற்றப் பேணிகளும் அப்படியே.

"இத சுங்கான்ல போட ஏலாது" என்றார். "மூக்குப்பொடிக் கடை போடலாம்."

கலாராணி சாக்குச் சொல்லவில்லை. தேயிலையைக் கெடுப்பது ஈரம். இந்த இலையோ ஈரத்தால்தான் நன்றாக இருக்கிறது. அதை அவளே கவனமாக உறிஞ்ச விட்டிருக்கிறாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க நானா. சரி பண்ணித் தாரேன்."

முதலில் புகையிலையைப் பீங்கான் கிண்ணங்களில் பரப்பி, இலையில் படாமல் மேலே ஈரத்துணி கட்டினாள். நசுக்கினால் மெல்ல விரிகிற பதம் வந்ததும் எடுத்தாள். பிறகு பாத்திரம் தேடினாள். பிளாஸ்டிக் டப்பாவில் அதன் வாடையே இருந்தது. பழைய ஜாம் போத்தலைக் கழுவினால் கண்ணாடி சுத்தமானது, மூடி மட்டும் மாம்பழம் மணத்தது. கடைசியில் கம்பிப் பூட்டும் ரப்பர் வளையமும் உள்ள புதிய கண்ணாடிப் போத்தல்களை வாங்கினாள், சின்னதாக. ஒன்றைத் திறந்தால் மற்றவை கெடாது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்து வைத்தாள். காலையில் எவற்றின் கீழ் தாள் நனையவில்லையோ அவற்றை மட்டும் துடைத்து உலர்த்திக் கழுத்து வரை நிரப்பி, வெளிச்சம் படாத அலுமாரியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஸமீம் நானா வந்தார். ஒரு போத்தலைத் திறந்து சுங்கானை நிரப்பி, நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

"தேயிலைக்குப் பக்கத்துல வேணாம். வெளிய போங்க."

"வாடிக்கையாளர விரட்டுறியா?"

"ஆமா. தேயிலைய விரட்ட முடியாதே."

அவர் வீதியோரம் நின்று புகைத்தார். பஸ்கள் போயின. திரும்பி வந்து, "மணத்துல கொஞ்சம் போயிட்டு" என்றார்.

"போயிருச்சு நானா. அது நான் செஞ்சது."

"ஆனா சுங்கான்ல போட்டுக் குடிக்கலாம். போத்தல் நல்ல போத்தல்." வெளியே நின்ற முச்சக்கர வண்டிக்குப் போய் ஒரு பையோடு வந்தார். உள்ளே பிரிக்காத பொலித்தீன் பைகள். "அண்டைக்கு நான் பாதிதான் தந்த."

"அப்ப என்ன நம்பலையா?"

"நம்பினதாலதானே பாதி தந்த. கைரியாட கையில ஒரு இலையும் குடுக்க மாட்டன்."

கலாராணி ஒரு பையைப் பிரித்து முகர்ந்து, இலையை நசுக்கிப் பார்த்தாள். ஈரம் அப்படியே இருந்தது. இன்னும் போத்தல் வேண்டும். கவிழ்த்துப் பார்க்க மேசையில் மறுபடி செய்தித்தாளை விரித்தாள்.