கம்பளி எண்ணியவர்

எங்கள் வீட்டுக்கு வரும் உறைகளை நான்தான் பிரிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. என் வீட்டுக்காரர் கையில் உறை கிடைத்தால் அதை எங்கேயோ வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி கிடைத்ததும் உறையைத் தேடுவார். அவரை நம்பியிருந்தால் வீட்டில் எப்போதோ கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள்.

அன்றைக்கு வந்த உறை ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து. உள்ளே என் வீட்டுக்காரர் அனுப்பிய மனுவே திரும்பி வந்திருந்தது. சேவைப் பதிவில் தனக்கு விடுபட்டுப் போன விருதுகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்று எல்லைப் பணிப் பதக்கம், இன்னொன்று முன்னணியில் நின்றவர்களுக்குத் தருகிற பட்டை. 'பிழை நேர்ந்த காரணம்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். அலுவலகத்தில் யாரோ அதைச் சிவப்பு மையால் வளைத்து, காரணம் சொல்லாமல் பரிசீலிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெட்கமாகப் போய்விட்டது.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் சண்டையில் செய்த வேலை என்ன என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். லிப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டே ரிசர்வ் படையில் பெயர் கொடுத்திருந்தார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, மற்ற நாளெல்லாம் லிப்ட். நாட்டுக்கு அவசரம் என்று கூப்பிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சீருடையை மாட்ட வேண்டும். ஒரே ஒரு முறைதான் நிஜமாகக் கூப்பிட்டார்கள். எல்லையில் சண்டை மூண்டிருந்தது. அவருடைய பிரிவுக்கு ஆற்றின் மேல் மிதவைப் பாலம் போடுகிற வேலை. நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். அவர் போன வாரத்திலேயே அவரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. எல்லோரையும் ஆற்றுப் பக்கம் அனுப்பிவிட்டு இவரை மட்டும் முகாம் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்களாம். கம்பளி வந்தால் எண்ணி உள்ளே வைக்க வேண்டும், போனால் எண்ணி வெளியே கொடுக்க வேண்டும். வாராவாரம் இதே சங்கதிதான். கம்பளி வந்தது, கம்பளி போனது, நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அதை வைத்து நான் அவரை ஓட்டாத நாள் இல்லை. விருந்தாளி வந்தால் 'சண்டைக்குப் போய்க் கம்பளி எண்ணிவிட்டு வந்த வீரர்' என்றுதான் அறிமுகம். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்தார் என்று எழுதச் சொன்னபோதுகூட நான் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, கொடியில் கிடக்கும் துணியை மடிக்கப் போய்விடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் வயதான காலத்தில் முன்னணிப் பட்டை கேட்கிறார். எதற்கு என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பழைய பிரிவைக் கலைக்கப் போகிறார்கள். கடைசியாக ஒரு அணிவகுப்பு. பதிவில் எல்லைப் பணிப் பதக்கம் உள்ளவர்கள் கொடிக்குப் பின்னால் நடக்கலாம், மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்து பார்க்கலாம். அவரோடு படையில் இருந்த நெட்டை அண்ணன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனக்கு வந்த அழைப்பை எடுத்துக்கொண்டு முந்தின மாதம் வீட்டுக்கு வந்தார். உனக்கு வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு இவர் ஒழுகாத குழாயை முடுக்கப் போய்விட்டார். அந்த முகத்தை நானும் பார்த்தேன். ஆசை இருந்தால் இருக்கட்டும், அதற்காகப் பொய் சொல்வதா?

சாயங்காலம் அவர் வந்ததும் மனுவை மேஜை மேல் வைத்தேன்.

"கம்பளி எண்ணினதுக்கு முன்னணிப் பட்டை எப்பங்க குடுக்க ஆரம்பிச்சாங்க?"

அவர் அதைப் பார்த்தார். கையில் கிரீஸ் இருந்தது. போய்க் கழுவிவிட்டு வந்து நின்றார். தெரியாமல் அனுப்பிவிட்டேன், விட்டுவிடு என்றார். நான் விடுவேனா, ஆபீஸில் நாலு பேர் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள், மானம் போகிறது என்று ஆரம்பித்தேன்.

"விட்டுடுன்னு சொன்னேன்ல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மனுவை மடித்துச் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தார். தட்டில் போட்டதைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் பொய் சொல்கிற ஆள் இல்லை. இந்த லிப்ட் ஓடலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டால், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறலாம். அப்படியானால் இது என்ன? ஒன்று, இப்போது பொய் சொல்கிறார். இல்லையென்றால் அப்போது சொன்னார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இது தெரியாமல் எப்படி இருப்பது? மறுநாள் என் சலவைக்கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, மனுவைப் பையில் போட்டுக்கொண்டு நெட்டை அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் தரையில் செய்தித்தாளை விரித்து, அணிவகுப்புக்காக பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மனுவைக் காட்டியதும் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். என்னிடம் எதுவும் கேட்காதே தங்கச்சி, அவனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு பூட்ஸையும் முடித்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. இவர் எங்க இருந்தார்?"

"பாலத்து மேலதான் தங்கச்சி. வின்ச் பக்கத்துல. அவன் இல்லேன்னா அந்தப் பாலம் அக்கரைக்குப் போயே இருக்காது."

பிறகு அவர் நிறுத்தவில்லை. லிப்ட் கயிற்றோடு பழகியவர் என்று இவரைத்தான் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச்சில் நிறுத்தினார்களாம். குண்டு விழுந்து கயிறு சிக்கிக்கொண்டபோது இவர்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை எடுத்துவிட்டாராம். கம்பளி என்ற ஒன்றை இவர் கண்ணால் பார்த்ததே பாலம் முடிந்து திரும்பி வந்த பிறகுதானாம்.

அப்புறம் மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொன்னார். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிசர்வ் ஆளை முன்னணிக்கு அனுப்பினால் அன்றே அவர் வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை போகும். உறை கிடையாது, வெறும் அட்டை. தபால்காரர் தெருவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் நின்றுபோவார்கள். இவரைக் கூப்பிடுவதற்கு முந்தின வருஷம், ரிசர்வில் இருந்த என் அண்ணன் பேரில் அப்படி ஒன்று வந்தது. நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்து அட்டையை வாங்கியது நான்தான். அந்த வாரமே என் முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அண்ணன் பிறகு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தான்.

"அடுத்த தடவை நீ உண்டாகி இருந்தப்போ அவனைக் கூப்பிட்டாங்க," என்றார் நெட்டை அண்ணன். "ஸ்டோர்ல கணக்கு எழுதற ரைட்டர் கால்ல அவன் விழாத குறை. என் பேரை உன் பட்டியல்லயே வெச்சுக்கோ, என் வீட்டுக்கு அட்டை போகக் கூடாதுன்னான்."

ரைட்டர் நல்ல மனிதர், வைத்துக்கொண்டார். போவதற்கு முன்னால் இவர் ஒரே மூச்சில் உட்கார்ந்து கடிதங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரைட்டர் வாரம் ஒன்றாகத் தபாலில் போட்டார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருந்தது அதனால்தான். சண்டை முடிந்து பதக்கம் கொடுத்தபோது, மஞ்சள் அட்டை யார் யாருக்குப் போனது என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதில் இவர் பெயர் இல்லை. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் ரைட்டரின் வேலை போயிருக்கும். இப்போது ரைட்டரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் சலவைக்கடை நடத்துகிறவள். கறையைப் பார்த்ததும் இது டீ, இது காபி, இது சண்டையில் வீசிய குழம்பு என்று சொல்லிவிடுவேன். என்னிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் திரும்பி வந்தபோது அந்தச் சீருடையை நான்தான் துவைத்தேன். இடுப்பு வரை ஆற்று வண்டல், கை முழுக்க வின்ச் எண்ணெய். ஸ்டோர் ஜெனரேட்டர் ஒழுகியது என்றார். நம்பிக்கொண்டு துவைத்துக் காயப்போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். எதிரில் வந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது. நான் இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி பேசினேன், இந்த மனிதர் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? குழந்தை பிறந்து, வளர்ந்து, அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. இன்னும் எதற்கு இந்தக் கம்பளி?

வீட்டில் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மனுவையும் பேனாவையும் முன்னால் வைத்து, காரணத்தை எழுதுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நெட்டை சொல்லிவிட்டான் என்று புரிந்துவிட்டது. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார்.

"நான் எழுத மாட்டேன். அந்தக் குழந்தை போனது உன்னாலன்னு ஒரு காகிதத்துல ஒரு வரி இருக்கக் கூடாது. என் கையால எழுத மாட்டேன். பதக்கம் இல்லாட்டி போகுது, பந்தல்ல உக்காந்துக்கிறேன்."

"நீங்க எழுத வேணாம். நகருங்க."

நானே எழுதினேன். மஞ்சள் அட்டை வந்தால் கர்ப்பிணியான நான் பயந்துவிடுவேன் என்று என் கணவர் தன் பெயரை ஸ்டோர் பட்டியலில் வைக்கச் சொன்னார். அதற்கு முன்னால் அப்படி ஒரு அட்டையைப் பார்த்துப் பயந்த பிறகு ஒரு குழந்தையை இழந்திருந்தேன். அவர் அப்படிச் செய்ததால் இரண்டாவது குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த அட்டை எனக்கு வரவே இல்லை. இப்படிக்கு மனைவி. அந்தச் சின்னக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுத வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆவண அலுவலகத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். நெட்டை அண்ணன் சாட்சி. டோக்கன் வாங்கி, கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் ஓரமெல்லாம் எழுதியிருந்ததைக் காகிதத்தைச் சுழற்றிச் சுழற்றிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே எழுந்து போனாள். வந்தவர் மேலதிகாரி. சாட்சியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பாலத்தின் வேலைக் குறிப்பில் வின்ச் ஆள் என்று மட்டும் இருந்ததாம், பெயர் இல்லையாம். அது யார் என்று இன்றுதான் தெரிகிறது என்றார். பதிவைத் திருத்திவிடலாம், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, முன்னணி அட்டை போகாமல் பதக்கத்தை ஏற்ற முடியாது, ஆகவே முதலில் அட்டை வரும், பயப்படாதீர்கள் என்றார். நான் சிரித்தேன். இந்த வயதில் அட்டைக்குப் பயப்படுவேனா, தாராளமாக அனுப்புங்கள் என்று பெரிய மனுஷிபோலச் சொல்லிவிட்டு வந்தேன்.

அணிவகுப்புக்கு முந்தின வாரம் வாசல் மணி அடித்தது. புதுத் தபால்காரர், சின்ன வயது. ஒரு கையில் ஆவண அலுவலகத்து முத்திரை போட்ட தடித்த உறை, இன்னொரு கையில் மஞ்சளாக ஒரு அட்டை. அதை அவர் சாதாரணமாக நீட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

'உங்கள் கணவர் முன்னணிப் பணிக்கு அனுப்பப்பட்டுள்ளார். மேலும் தகவல் வரும்வரை காத்திருக்கவும்.' அவ்வளவுதான். அட்டை போட்ட தேதியும் அவர் பாலத்துக்குப் போன பழைய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

தெரியும். எல்லாம் தெரியும். நானே கேட்டு வாங்கிய அட்டை. ஆனாலும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னங்க என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். குளியலறையில் குழாய் திறந்திருக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை என்ன கத்து கத்தினேனோ, சோப்புக் கையோடு ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "இருக்கீங்களான்னு பாத்தேன்."

அவர் என் மடியில் இருந்த அட்டையைப் பார்த்தார். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன்.

"அங்க பயமா இருந்துச்சாங்க?"

"ரொம்ப," என்றார். "ஆனா உனக்குத் தெரியாதுல்ல. அது போதும்னு இருந்துச்சு."

தடித்த உறை கீழே கிடந்தது. அதை நான் பிரிக்கவில்லை. அவர் கையை விட்டால்தானே பிரிக்க முடியும்.