கண்ணாடிமேல் வைத்த தட்டு

காலை ஐந்து மணிக்கே எங்கள் கைகள் வேர்த்துவிடும். அறை என்னவோ குளிரூட்டிய அறைதான், வேர்ப்பது கையுறைக்குள். பெட்டியைப் பிரி, உறையைக் கிழி, தட்டை எடு, பார்கோடு வெளிப்பக்கம் இருக்கிறதா பார், அடுக்கில் வை. மறுபடி பெட்டியைப் பிரி. ஒரு பிளாஸ்டிக் தட்டில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு குழந்தை. பிறந்து இரண்டு நாளான குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பரம்பரை நோய் இருக்கிறதா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்கிற இடம் இது. வாசல் பலகையில் அறிவியல் என்று எழுதியிருக்கிறது. உள்ளே நடப்பது மூட்டை தூக்குகிற வேலைதான், மூட்டை மட்டும் லேசு.

மீதியை இயந்திரக் கை பார்த்துக்கொள்ளும். தட்டைக் கவ்வி, சூட்டுப் பெட்டிக்குள் தள்ளி, வெந்து வந்ததும் எடுத்து அடுத்த பீடத்தில் உட்காரவைக்கும். அங்கே ஊசிகள் இறங்கி ஒவ்வொரு குழியிலும் துளி விடும். அந்தக் கைக்கு அலுப்பு கிடையாது, வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கிற பிள்ளை கிடையாது. கண்ணும் கிடையாது. தட்டு வளைந்து உட்கார்ந்தால் ஒரு குழந்தையின் துளி அடுத்த குழந்தையின் குழியில் விழும். அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே போகும்.

மூன்று வாரத்துக்கு முன் முதலாளி புதுத் தட்டு வாங்கினார். பழையதில் பாதி விலை. பெட்டியில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கைதான். சூட்டுக்குப் போய் வந்தால்தான் வண்டவாளம் தெரியும்.

அதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் கண்ணாடி அக்கா. அவள் மூக்கில் கண்ணாடி கிடையாது. வீட்டு அலமாரியில் கழன்று விழுந்த கண்ணாடிச் சதுரம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டிருந்தாள். வெந்து வந்த தட்டை அதன்மேல் வைத்து மூலையை ஒரு விரலால் அழுத்துவாள். சத்தமே வராவிட்டால் நல்ல தட்டு. 'டக்' என்றால் வளைந்த தட்டு. புதுத் தட்டில் மூன்றுக்கு ஒன்று டக்.

"படுக்கவே மாட்டேங்குதே சனியன்" என்றாள் முதல் நாளே. முதலாளி வந்தபோது அழுத்தியும் காட்டினாள்.

அவர் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ? பீடத்துல உக்காரும்போது லேசா ஒரு அழுத்து அழுத்துங்கம்மா, சரியாயிடும்."

"கதவைத் திறந்தா மெஷின் நின்னுடுது சார்."

"அதுக்கு வழி பண்றேன்."

வழி என்பது காசளவு காந்தம். மெக்கானிக் அதைக் கதவின் உணர்வியில் ஒட்டிவிட்டுப் போனார். அதன்பின் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைத்தது. ஓடுகிற கைக்கு நடுவே எங்கள் கையை விட்டு மூலையை அழுத்தினோம். எண்ணி இரண்டு நொடி. நாங்கள் அதில் கெட்டிக்காரிகளாகவும் ஆகிவிட்டோம். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, இரண்டு நொடி மூன்றாகிவிட்டது. அக்காவின் வலது கை இயந்திரக் கைக்கும் சூட்டுப் பெட்டிக்கும் நடுவில். நான் சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் இரண்டு விரல் நசுங்கி, சூடும் பட்டுவிட்டது. ஆம்புலன்சில் ஏறும்போது, "அந்தத் தட்டைத் தனியா எடுத்து வை, குழந்தைங்க மாறிடும்" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விபத்துக்குப் பிறகு இரண்டு இயந்திரத்தையும் நிறுத்திவைத்திருந்தார்கள், வெள்ளிக்கிழமைதான் மறுபடி ஓட்டம். வியாழக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள்.

"ஒண்ணு, அந்தம்மா விதியை மீறி அவங்களா கையை விட்டாங்கன்னு. நீ பார்த்த சாட்சி. இன்னொண்ணு, புதுத் தட்டு நல்லாருக்குன்னு சோதனை அறிக்கை. ரெண்டுலயும் கையெழுத்துப் போடு."

"அக்காவை என்ன பண்ணப் போறீங்க சார்?"

"விதியை மீறினவங்களை எப்படிம்மா வெச்சுக்கறது?"

"அழுத்தச் சொன்னது நீங்கதானே?"

"எழுத்துல இருக்கா?" என்றார். குரல் உயரவே இல்லை. "சரி, தட்டு மோசம்னே வெச்சுக்குவோம். மூணு வாரம் ஓடியிருக்கு. எத்தனை சிக்கல்? நீங்க எழுதினதுதான், படிச்சுப் பாரு."

படித்தேன். மூன்று வாரமும் பூஜ்யம். எங்கள் கையெழுத்திலேயே.

கையெழுத்துப் போடாமல், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தேன். உட்கார முடியவில்லை. டீ அறைக்கும் கழிவறைக்குமாக நடந்தேன். அந்தத் தட்டுகள் தேறவில்லை, நாங்கள்தான் தேற்றிவிட்டோம். ஒவ்வொரு மூலையையும் அழுத்தி அழுத்தி அந்தப் பூஜ்யத்தைச் செய்தது எங்கள் விரல்கள். இப்போது அதே பூஜ்யம் அக்காவை வெளியே தள்ளுகிறது.

மதியம் டீ அறையில் மற்ற ஆறு பேரிடமும் இதைச் சொன்னேன். தட்டுக்கு ஒட்டுத்தாள் போடுகிற பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா, படிச்சிட்டிருக்குதுங்க. வேலைநிறுத்தம்னு இழுத்து விட்டுடாதே."

"யாரும் வேலையை நிறுத்த வேண்டாம்ணே. அழுத்தறதை மட்டும் நிறுத்துவோம். அது நம்ம வேலையே இல்லை. வளைஞ்சது ஒவ்வொண்ணையும் எடுத்து வெச்சு, உள்ளதை உள்ளபடி எழுதுவோம். பழைய தட்டு கிடங்குல ஒன்பது பெட்டி இருக்கு. குழந்தைங்க ரத்தம் அதுல போகட்டும். வெறும் தண்ணி ஊத்திப் புதுசை ஓட்டுவோம்."

"கதவுல காந்தம் இருக்கே?" என்றாள் ஒருத்தி.

வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, முகம் செத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமையே கழட்டிட்டேன். வெச்சதும் நான்தானே" என்றார். பெரியவர் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். ஒரு இயந்திரத்தில் பழைய தட்டில் குழந்தைகள். இன்னொன்றில் புதுத் தட்டில் தண்ணீர். வளைந்த தட்டை வெளியே எடுக்கக் கதவைத் திறந்து திறந்து, ஏழு மணிக்குள் தண்ணீர் இயந்திரம் பதினோரு தடவை நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு தடவையும் நாங்கள் எழுதும் அறிக்கையில் ஒரு கோடு. வளைந்த தட்டுகள் கண்ணாடிச் சதுரத்துக்குப் பக்கத்தில் அடுக்காக ஏறின.

ஏழேகால் மணிக்கு அக்கா வந்தாள், கையில் பெரிய கட்டோடு. "வீட்டுல இருப்புக் கொள்ளலைடி" என்றாள். பின்னாலேயே முதலாளி வந்தார்.

"என்ன நடக்குது இங்கே? குழந்தைங்க ரிப்போர்ட் காத்துக்கிட்டிருக்கு, மனசாட்சி இல்லை உங்களுக்கு?"

"குழந்தைங்க அந்த மெஷின்ல ஓடுதுங்க சார். ஒண்ணும் நிக்கலை" என்றேன். "இது உங்க புதுத் தட்டு."

"மூணு வாரம் ஓடினது இன்னிக்கு மட்டும் ஏன் ஓடலை?"

"இன்னிக்கு யாரும் கை விடலை."

அவர் முகம் சிவந்தது. "ஒரு சின்ன அழுத்து! அதுக்குப் போய்..." என்று விறுவிறுவென்று இயந்திரத்தின் அருகே போய்க் கதவைப் பிடித்தார்.

மெக்கானிக் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அதில் காந்தம்.

"ஓடும்போதே அழுத்தணும்னா இதை வைக்கணும் சார். வைக்கவா?"

உள்ளே இயந்திரக் கை அடுத்த தட்டைக் கவ்வித் திரும்பியது. முதலாளி அதைப் பார்த்தார். அக்காவின் கட்டைப் பார்த்தார். கதவைப் பிடித்த கை மெல்லக் கீழே இறங்கி, கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்தது அவருக்கும் தெரிந்தது.

"பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க" என்றார், எங்கோ பார்த்தபடி. "ஒவ்வொருத்தரா."

பதில் சொன்னது ஒட்டுத்தாள் பெரியவர். "ஒன்பது பேரும் சேர்ந்தே வர்றோம் சார். அந்தத் தட்டும் வரும்."

ஒன்பதா என்று விரல் விட்டு எண்ணினேன். அக்காவையும் மெக்கானிக்கையும் சேர்த்து எண்ணியிருந்தார். முதலாளி திரும்பிப் போனார். வேலை போகுமோ, அக்கா நிலைப்பாளோ, எதுவும் இன்னும் தெரியாது. எங்கள் அறிக்கையின் அடியில் பெரியவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். பேனா கை மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அக்கா அதை இடது கையில் வாங்கினாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

பிறகு வெந்து வந்த அடுத்த தட்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து, அந்த இடது கை விரலாலேயே மூலையை அழுத்தினாள். டக்.

"பன்னெண்டு" என்றாள். "எழுதிக்கோ."