பட்டத்தரசியின் முதுகு

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அந்த வீட்டு முன்னறையில் மூச்சுவிட இடமிருக்காது. வருகிறவர்கள் என்னவோ இரண்டே பேர்தான், வீட்டுக்காரரையும் சேர்த்தால் மூன்று. ஆனால் அவர்களுடைய அபிப்பிராயங்களும் உட்கார வேண்டுமே!

வீட்டுக்காரர், கடைகடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர். நண்பர்கள் வட்டத்தில் அவருக்கே தராசு என்று பெயர். ஊரார் நிறுப்பதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்தபின்னும் அந்த வேலையை விடுவதில்லை. அடுத்தவர் பல் டாக்டர். நம் வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு அவரே பேசிக்கொண்டிருக்கும் ரகம். மூன்றாவது, கல்லூரியில் சரித்திரம் நடத்தும் விரிவுரையாளர். எல்லாருக்கும் அவர் மேடம். பாடம் எடுக்காமல் ஒரு பிஸ்கட்டைக்கூட அவர் கடித்ததில்லை.

இந்த மூவரையும் கட்டிப்போட்டிருப்பது ஒரு நாவல். ஐந்து பாகம், தலைக்கு வைத்துப் படுக்கலாம் போல அத்தனை கனம். எப்போதோ செத்துப்போன ஒரு ராஜா, அவனுடைய பட்டத்தரசி, நடுவில் ஏகப்பட்ட குதிரைகள். அதைத் தொடராக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து இவர்களுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. இன்ன வேஷத்துக்கு இன்னார் என்று அறிவிப்பு வர வர, ஒவ்வொருவரையும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ராஜாவுக்குத் தோள் போதாதாம். மந்திரி முகத்தில் மந்திரிக்களை இல்லையாம். சேனாதிபதியின் தாடை சரியில்லை என்று பல் டாக்டர் தொழில்முறையிலேயே அபிப்பிராயம் சொன்னார். போருக்குப் போகிறவன் எதிரியைக் கடித்தா வைக்கப்போகிறான் என்று கேட்க அங்கே ஆளில்லை. இவர்களோடு சேர்ந்து திட்டுவதற்குக் கைபேசியில் ஒரு குழு வேறு. அதில் ஆயிரக்கணக்கான பேர், தலைவர் தராசு.

இவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைப்பவள் தராசின் மனைவி. நாடகம், சினிமாவுக்கு உடுப்பு தைத்துத் தரும் பட்டறையில் அவள் தையல்காரி. அதையும் ஒரு வேலை என்று அந்த அறையில் யாரும் மதித்ததில்லை. "கூட்டத்துல நிக்கிறவங்களுக்குப் பித்தான் தைப்பா" என்று தராசு ஒருமுறை சொல்லி முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டத்தரசியின் படம் வெளியானது. முகம் இல்லை. ஜன்னலோரம் ஒரு பெண், கருநீல அங்கியில், நம் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிறாள். கூந்தலை அள்ளிச் செருகியிருக்கிறாள். ஒரு கை ஜன்னல் சட்டத்தில். கீழே 'யார் இவள்?' என்று இரண்டே வார்த்தை.

வேறு யார்! தராசின் மனைவிதான் அது.

நடந்தது இவ்வளவுதான். ராணியாக நடிக்க வேண்டிய நடிகை இன்னும் முடிவாகவில்லை. உடுப்போ காத்திருக்காது. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நடிகை வரும்வரை, அளவு ஒத்துப்போகிற தையல்காரி உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். "பொம்மைக்கு மாட்டினா துணி எங்க இழுக்குதுன்னு அது சொல்லுமா?" என்பார் மாஸ்டர். அப்படித்தான் அவள் நின்றாள். பின்பக்கம் தைத்து முடிந்திருந்தது, முன்பக்கம் பூராவும் குண்டூசி. மழை விட்டதா என்று பார்க்க ஜன்னலுக்குப் போனவளை, உடுப்பைப் பார்க்க வந்திருந்த புகைப்படக்காரர் பின்னாலிருந்து எடுத்துவிட்டார். படத்தைப் பார்த்த இயக்குநர் இதுதான், இதேதான் என்று குதித்தாராம்.

"ராணி முதுகு வர்ற காட்சிக்கெல்லாம் நீயே வந்துடும்மா" என்றார் மாஸ்டர். "வெளியூர் படப்பிடிப்பு. ரெண்டு மாசம் ஆகும். வெளியில மூச்சு விடாத, வீட்டுல மட்டும் கேட்டுட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. இடது தோள் லேசா இறங்கியிருக்கு, அதுக்குக் கொஞ்சம் பஞ்சு வச்சுத் தைச்சுடலாம்."

வீட்டில் கேட்க எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்தால் ஆயிற்று. அவள் திறக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பாழாய்ப்போன நாவலின் மூன்றாம் பாகம்.

போருக்குப் போன ராஜா, பல வருஷம் கழித்துத் திரும்புகிறான். பட்டத்தரசி அவனைச் சோதிக்க நினைத்து, அந்தப்புரத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தி, முதுகைக் காட்டி வரிசையாக நிற்கச் சொல்கிறாள். தானும் அந்த வரிசையில் நிற்கிறாள். ராஜா ஒரு முதுகிடமும் தயங்காமல் நேரே அவளிடம் வந்து நிற்கிறான். ரசிகர்களுக்கு உயிர் அந்த அத்தியாயம். கல்யாணமான புதிதில் தராசு அதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "ஊரே திரும்பி நின்னாலும் உன் முதுகைப் பாத்தே சொல்லிடுவேன்" என்றார்.

புது மாப்பிள்ளை வாயில் என்னதான் வராது! சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் ஓடி வருவார், "அடியே, நீயா!" என்று கத்துவார், அப்போது வெளியூர் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் அப்படிக் கத்திவிட்டால் போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். பைத்தியக்காரி, வேறென்ன.

முதலில் கண்டுபிடித்தது மகள். விடுதியில் தங்கிப் படிக்கிறவள், படம் வந்த கொஞ்ச நேரத்தில் போனில் கத்தினாள்.

"அம்மா! ராணி வேஷம் எப்பம்மா கட்டினே?"

"எப்படிடி தெரிஞ்சுது?"

"நல்லா கேட்டே போ. சின்ன வயசுல நான் எங்க குடியிருந்தேன்? உன் முதுகுலதானே? மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு இடது தோள் இறங்கிக் கெடக்குமே, எனக்குத் தெரியாதா?"

"அப்பாகிட்ட சொல்லிடாத. அவரே கண்டுபிடிக்கட்டும்."

மகள் கத்துவதை நிறுத்திவிட்டு, "பேசாம நீயே சொல்லிடேம்மா" என்றாள்.

பெற்றவளைவிட விவரமான பெண். வெள்ளி போனது, சனி போனது. தராசு கைபேசியில் அந்த முதுகை விரித்து விரித்துப் பார்த்தார். சாப்பிடும்போதும் பார்த்தார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அசல் அவர் கண்ணெதிரேதான் நின்றது. அவர் நகலிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஞாயிறு மாலை படத்தைத் தொலைக்காட்சியில் பெரிதாகப் போட்டு வைத்து, மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். தேநீர்த் தட்டோடு அவள் உள்ளே வந்தபோது அவளுடைய முதுகு சுவர் அகலத்துக்கு நின்றது.

"கழுத்தெலும்பைப் பாத்தாலே தெரியுது" என்றார் பல் டாக்டர். "சோப்பு விளம்பரத்துல குளிப்பாளே, அந்தப் பொண்ணுதான். எத்தனை எக்ஸ்ரே பாத்திருக்கேன், எலும்பு என்னை ஏமாத்தாது."

"இல்லவே இல்ல டாக்டர்" என்றார் மேடம். "பாட்டுப் போட்டிக்கு நடுவரா வருவாளே, அவ. எவளா இருந்தா என்ன? அரச குலத்துல பொறந்தவ இப்படியா நிப்பா? பஸ்ஸு வருமா வராதான்னு எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு."

"மழை விட்டுச்சான்னு பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் தட்டை வைத்தவள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. தராசு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கைபேசிக் குழுவே கொண்டாடிக்கொண்டிருந்த தன்னுடைய கண்டுபிடிப்பை நேரில் ஒருமுறை சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"இந்த இடது தோளைப் பாருங்க. தட்டு இறங்கின தராசு மாதிரி. நம்ம சோதனையில மாட்டியிருந்தா அன்னிக்கே கடைக்கு சீல் வச்சிருப்பேன்."

பல் டாக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிஸ்கட்டோடு சிரித்த மேடத்துக்குப் புரையேறியது. அவளுக்கு அந்தத் தோள் சுரீரென்றது. எத்தனை வருஷத்து மிஷின் வேலை அது. மகளின் பள்ளிக்கூடம் அந்தத் தோளில் இருந்தது, இவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த சோபாவும் அதில்தான் இருந்தது. ஆத்திரமாக வந்தது. இருந்தும், இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று அந்த அசட்டு மனசு அடித்துக்கொண்டது.

"எனக்கென்னவோ நல்லாத்தான் நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ புத்தகம் படிச்சிருக்கியா?"

"நீங்க படிச்சுக் காட்டினீங்களே. மூணாம் பாகம். திரும்பி நிக்கிற இடம்."

அவ்வளவுதான், தராசுக்கு அருள் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அந்த அத்தியாயத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். ராஜா ஒவ்வொரு முதுகாகக் கடந்து வருகிறான். அவன் காலடி அவளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார். அவளும் கேட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒப்பித்து முடித்து, தராசு கண்ணைத் திறந்து திரையைக் காட்டினார்.

"அதுய்யா முதுகு! இதை எந்த ராஜா கண்டுபிடிப்பான்? ராஜா கெடக்கட்டும், கட்டின புருஷனுக்கே அடையாளம் தெரியாது."

அறையே அதிர்ந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். தன் நகைச்சுவைக்கு அவள் சிரித்து நாளாயிற்றே என்று தராசுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மனு. இந்த நடிகையை மாற்றாவிட்டால் தொடரைப் புறக்கணிப்போம் என்று தயாரிப்பாளருக்கு எழுதுவதாக முடிவாயிற்று. குற்றங்களை மேடம் வரிசைப்படுத்தினார். கழுத்து, நிற்கிற விதம், தோள். "அந்தக் கையில வளையல் தடம் மாதிரி ஏதோ தெரியுதே, பாருங்க" என்றார் பல் டாக்டர். திரையில் அது கலங்கலாக இருந்தது. தராசு கைபேசியை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று ஜன்னலுக்கு வந்தார்.

ஜன்னலில் அவள் நின்றாள்.

வேண்டுமென்றேதான் நின்றாள், மறைப்பானேன். கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு, ஒரு கையை ஜன்னல் சட்டத்தில் வைத்து, முதுகைக் காட்டி நின்றாள். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செருப்புச் சத்தம் அருகே வந்தது. ஒரு முழ தூரத்தில் நின்றது. அவர் மூச்சு பிடரியில் பட்டது. அவள் அசையவில்லை.

தராசு படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளேன். வெளிச்சத்தை மறைச்சுட்டு நிக்கிறே."

அவள் தள்ளிக்கொண்டாள். சமையலறைக்குப் போய் மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"மாஸ்டர், நான் வர்றேன்."

"வீட்டுல கேட்டாச்சாம்மா?"

"கேட்டாச்சு மாஸ்டர். அவருக்கு ஒண்ணும் தெரியல." 'ஆட்சேபம் ஒண்ணும் இல்ல' என்பதற்குப் பதில் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று யோசித்தாள். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். "அப்புறம், அந்தத் தோளுக்குப் பஞ்சு வேணாம். அது அப்படியே இருக்கட்டும். அடையாளம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியட்டும்."

பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அளவு நாடா, கத்திரி, நாலு சேலை. முன்னறையில் மனு வளர்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இன்னொரு டீ கேட்டேனே, என்னாச்சு?" தராசு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. போட்டுக்குங்க" என்றாள் அவள், திரும்பாமல்.

தராசு அப்படியே நின்றார். குனிந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய முதுகை, கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அளவுக்கு நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு முன்னறைக்குத் திரும்பி, நண்பர்களிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"என்னாச்சு இவளுக்கு? யாரோ மாதிரி பேசுறா."