மூன்று மணி நேரம்

நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் டிரக்கைச் சூடு பறக்க என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார் தங்கையின் புருஷன். மாப்பிள்ளை முறை என்பதால் எனக்கு வாய்ப்பூட்டு.

"எட்டு ஸ்பார்க் பிளக்கையும் மாத்து மச்சான். அரை மணி நேரத்துல கிளம்பணும்."

"என்ஜின் ஆறட்டும் மாப்பிள்ளை. மேல சூப்பர்சார்ஜர் வேற உக்காந்து காத்தை அமுக்கித் திணிக்குது, அடுப்பு மாதிரி கொதிக்கும். மூணு மணி நேரம் ஆகும். என்ஜின் ஹெட்டு அலுமினியம். சூட்டுல கழட்டினா பிளக்கோட சேர்ந்து ஹெட்டுல இருக்கிற திருகு மரையும் பிச்சுக்கிட்டு வந்துடும்."

"வேலை தெரியாதவன் சொல்ற சாக்கு. உங்க குடும்பமே இப்படித்தான். உன் தங்கச்சி ஒரு சட்டையைத் தேய்க்கவே ஒரு நாள் எடுத்துக்கிறா."

என்னைச் சொன்னதை விழுங்கிக்கொண்டேன். அவளை இழுத்தது தொண்டையிலேயே நின்றது.

"சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று பிளக் ஸ்பேனரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டேன். ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரே ஒரு பிளக். அதைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி பளபளவென்று அலுமினியச் சுருள்.

"என்ன மச்சான் இது?" அதை என்னிடம் நீட்டினார்.

"மரை. இனி ஹெட்டையே இறக்கணும்."

என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"ஆறிடுச்சு மாப்பிள்ளை. ஆரம்பிக்கலாமா?"