ஐந்தாவது வரிசை

"என் கூடையில, அன்னிக்குப் போட்டதுல அஞ்சாவது வரிசையில இருந்து முடிச்செல்லாம் வலப்பக்கம் சாயுது. எங்க மாமியார் கண்ணால கூட பார்க்கல சுமி. விரலால தடவியே சொல்லிட்டாங்க."

"வேன் ஆடுச்சு பிளசி. பென்னாகரம் ரோட்டுல மேடு பள்ளம் வேற. நான் எங்க சாய்வைப் பார்த்தேன்?"

"அதே வேன்ல உக்காந்துதான் பானுக்கா கூடைக்குக் கைப்பிடி போட்டுக் குடுத்திருக்க. அதுல ஒண்ணு கூட கோணல் இல்ல."

சுமித்ரா பாயை உதறி விரித்தாள். இண்டூரில் பால் சொசைட்டியின் மாடியறையில்தான் எங்கள் மகளிர் மன்றம் புதன்கிழமைதோறும் கூடும். சாவி அவளிடம் இருக்கும். மற்றவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் இனி மன்றப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமியாரோடு பால் ஊற்ற வந்தவள், கேனை மாடிக் குழாயில் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஏறி வந்திருந்தேன்.

மன்றத்தில் நாங்கள் பதினோரு பேர். ஒயர் கூடை பின்னுவோம், வளையலுக்குப் பட்டு நூல் சுற்றுவோம், வருடத்துக்கு இரண்டு முறை வேன் பிடித்து எங்காவது போய்வருவோம். தலைவி பானுமதி அக்கா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். சுற்றுலாவுக்கு வரும் ஒவ்வொருத்தியும் பாதி பின்னிய கூடையைக் கொண்டுவர வேண்டும். போகும்போது மூன்று வரிசை, திரும்பும்போது மூன்று வரிசை. "ஊர் சுத்தப் போனாளுங்கன்னு ஒருத்தன் வாயும் பேசக் கூடாது. கூடை வளந்திருக்குதா பாருன்னு காட்டிட்டு வூட்டுக்குள்ள போங்கடி" என்பார். எங்களுக்குச் சாட்சி அந்தக் கூடைதான். வத்தல்மலைக்குப் போய்வந்த அன்று என் மாமியார் ராயம்மாள் வாசலிலேயே கூடையை வாங்கி வரிசையை எண்ணிவிட்டுத்தான் காபி கொடுத்தார்.

நான் இடது கைக்காரி. என் முடிச்சுகள் மட்டும் இடப்பக்கம் சாயும், எல்லோரும் ஒரு திசைக்குப் போகும் சாலையில் ஒருத்தி மட்டும் எதிரே வருவதுபோல. "பிளசி கூடையத் தொடாதீங்கடி, தொட்டவ மாட்டிக்குவா" என்பது மன்றத்தின் பழைய கேலி. சுமித்ரா ஒருத்திதான் அதற்கு விலக்கு. போன கிறிஸ்துமஸுக்கு, கோயில் ஏலத்துக்காக நான் பின்னிக்கொண்டிருந்த கூடை பாதியில் நின்றுபோனது. கொதிக்கும் எண்ணெய் தெறித்து என் மணிக்கட்டு வெந்திருந்தது. சுமித்ரா ஒரு வாரம் இடது கையால் பழகி அதை முடித்துக் கொடுத்தாள். எது அவள் வரிசை, எது என் வரிசை என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேர் ஒரே கனவைக் காண முடியும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் அவளிடம் மட்டும் சொன்னேன். தருமபுரியில் புதிதாகத் திறந்த ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், ஒகேனக்கல் சுற்றுலா நாளன்றே இன்டர்வியூ என்று. கல்யாணத்துக்கு முன் நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். வேலைக்குப் போகிறேன் என்று மூன்று முறை கேட்டு மூன்று முறையும் மாமியார் வேண்டாமென்றார். ஓசூரில் கம்பெனி வேலையிலிருந்து ஞாயிறுதோறும் வரும் என் கணவர் டேவிட்ராஜ், அம்மா சொன்னால் சரி என்றார். வேலை கிடைத்தபின் அவரிடம் சொன்னால் மறுக்கமாட்டார் என்று நம்பினேன்.

மாமியார் வாசலில் நின்று கையசைக்க வேனில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில், பல் வலி, டாக்டரைப் பார்த்துவிட்டு சாயங்காலம் இங்கேயே நிற்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லி இறங்கிக்கொண்டேன். கூடை சுமித்ராவின் மடியில் இருந்தது. "நீ போ. ஆறு வரிசையும் என் பொறுப்பு" என்றாள்.

சாயங்காலம் வேன் வந்தபோது அவள் எதையும் மறந்திருக்கவில்லை. என் துண்டை ஆற்றில் நனைத்துக் கொண்டுவந்திருந்தாள். வறுத்த மீனை இலையில் மடித்து, "உங்க அத்தைக்கு" என்று என் பையில் வைத்தாள். பரிசலில் பயந்து கத்தியது யார், செருப்பைத் தொலைத்தது யார் என்று வீட்டில் சொல்லவேண்டியதை எல்லாம் காதோடு சொல்லிக் கொடுத்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் வரிசைகளை எண்ணினேன். ஆறு இருந்தது. அதற்குமேல் பார்க்கத் தோன்றவில்லை.

மாமியாருக்குத் தோன்றியது. மீனைத் தின்றுவிட்டு, கையைக் கழுவி, கூடையைத் தடவினார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் பூசைக்குப் போய்வந்து உட்கார்ந்ததும் கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இது வரைக்கும் இவ கை. இதுக்கு மேல வேற யாரோ. அன்னிக்கு இவ எங்க போனான்னு கேளு."

நான் லேபைப் பற்றிச் சொன்னேன். வேலை கிடைத்ததாக முந்தின நாள்தான் போன் வந்திருந்தது, அதையும் சொன்னேன். டேவிட்ராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எவன்கிட்டயோ போன் போட்டு, என் பொண்டாட்டி அங்க வந்தாளான்னு நான் கேக்கணுமா?" என்றார். மாமியார் சுமித்ராவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நடுவுல எறங்கிட்டாங்க ஆத்தா. அப்புறம் எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவள் குரலை அதற்குமுன் நான் அப்படிக் கேட்டதில்லை. என்னை 'போனாங்க' என்று அவள் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

இப்போது, மாடியில், பையிலிருந்து கூடையை எடுத்து அவள் முன் வைத்தேன். மேல் வரிசைகளை நான் பிரித்திருந்தேன். சிவப்பு ஒயர்கள் நாலாபுறமும் தொங்கின.

"பிரிச்சுட்டியா?" என்றாள்.

"அந்த ஆறு வரிசையையும் பிரிச்சேன். அஞ்சாவது வரிசையப் பாரு. ஒயர்ல ஒரு தடவ முடிச்சு போட்டா அந்த எடத்துல வெள்ளையா ஒரு தழும்பு விழும். ஒரு முடிச்சுக்கு ஒரு தழும்புதான இருக்கணும்? இதுல ரெண்டு ரெண்டா இருக்குது. ஒண்ணு வலது சாய்வு. அதுக்கு அடியில இன்னொண்ணு."

சுமித்ரா ஒயரைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நின்றது.

"அடியில இருக்கிறது என் சாய்வு, சுமி. மொதல்ல என்ன மாதிரியேதான் போட்டிருக்க. ஒரு வரிசை முழுசா."

கீழே பால் அளப்பவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேன்கள் மோதும் சத்தம் கேட்டது.

"திரும்பி வர்றப்ப பென்னாகரம் தாண்டுற வரைக்கும் அப்படித்தான் போட்டேன்" என்றாள் கடைசியில். "பானுக்கா கூட, என்னாடி இடது கை மறுபடியும் வந்துடுச்சான்னு கிண்டல் பண்ணாங்க. அப்புறம் எல்லாரும் பாட்டுப் பாட ஆரம்பிச்சாங்க. எம்பக்கத்துல உன் சீட்டு காலியா இருந்துச்சு. இனிமே எல்லாத் தடவையும் இப்படித்தானேன்னு தோணுச்சு."

"அதுக்கு?"

"பூபதி என்ன வெளிய வுடறதே உன்ன வெச்சுத்தான். பிளசி வருதுன்னா போய்ட்டு வான்னு சொல்லும். நீ வேலைக்குப் போய்ட்டா எனக்குப் புதன்கிழமையும் இல்ல, வேனும் இல்ல. அந்த வூட்டுக்குள்ளயே கெடக்கணும்." பூபதி அவள் கணவர். அவள் ஒயரைக் கீழே வைத்தாள். "ஒரு வரிசையப் பிரிச்சேன். அப்புறம் கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. உங்க அத்தை திட்டுவாங்க, வேலைக்குப் போற பேச்சு அதோட நின்னுரும்னு நெனச்சேன். எங்க போனான்னு இவ்ளோ தூரம் வரும்னு நெனைக்கல."

"போன்ல கேட்டாங்கல்ல. அப்ப சொல்லியிருக்கலாம்."

"பூபதி பக்கத்துல நின்னுச்சு. தெரிஞ்சே அனுப்புனியான்னு என்னையும் கேக்குமே."

ஆற்றில் நனைந்த அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. அதை என்னிடம் கொடுக்கும்போது இரண்டு மனிதர்கள் அவளுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருத்தி என்னைக் காப்பாற்றிக்கொண்டும், ஒருத்தி அவிழ்த்துக்கொண்டும். எனக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆனால் கோபம் இருந்தது, விழுங்கிய மீன்முள்ளைப்போல.

"பிளசி" என்று கீழேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "கேன் கழுவ இவ்ளோ நேரமா?"

"வர்றேங்க அத்தை."

கூடையைப் பையில் போடவில்லை. அவிழ்ந்த ஒயர்களோடு பாயிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். சுமித்ராவும் எழுந்தாள். படிக்கட்டின் மேல்படியில், சுவரில் கை ஊன்றி நின்றாள். கீழ்ப்படியில் மாமியாரின் செருப்பு தெரிந்தது. அவர் ஏறுவதா நிற்பதா என்று யோசிப்பதுபோல் ஒரு காலை மட்டும் படியில் வைத்திருந்தார்.

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"திங்கக்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லியிருக்காங்க சுமி. நான் சொன்னா வூட்டுல நம்ப மாட்டாங்க. எங்கூடக் கீழ வா. லேபுக்குத்தான் போனா, எனக்குத் தெரியும்னு அவங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்றியா?"